சித்தப்பாவுக்கும் வலிக்கும்

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் என் சித்தப்பாவுக்காக அழவில்லை. எங்களுக்கு விடிந்துவிட்டது என்று ஆறுதல் சொன்னார்கள். "நீ கண்ண மூடுறதுக்குள்ள அவன் போய்ச் சேந்துட்டானே ஆத்தா, அதுவே புண்ணியம்." பெற்றவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறுகிறாள், அவள் முகத்துக்கு நேராக இதைச் சொல்கிறார்கள். எதைப் புண்ணியம் என்கிறீர்கள்? வயிறெல்லாம் சீழ் பிடித்து, துடிதுடித்துச் செத்ததையா?

சித்தப்பாவுக்கு அறிவுசார் குறைபாடு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 75 சதவீதம் என்று போட்டிருக்கும். வீட்டில் கடலை அவித்தால் பங்கு வைப்பது அவர்தான். எண்ணத் தெரியாது. ஆளுக்கு ஒன்றாகத் தரையில் வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வருவார். வேலைக்குப் போயிருக்கும் அம்மாவுக்கு ஒரு குவியல், தொழுவத்தில் நிற்கும் கன்றுக்குட்டிக்கு ஒரு குவியல். சொத்தைக் கடலை கண்ணில் பட்டால் அதைத் தன் குவியலில் சேர்த்துக்கொள்வார். அந்த மனுஷனைத்தான், தாத்தா நிலத்தைப் பிரித்தபோது, "அவனுக்கு எதுக்குத் தனியா?" என்று கேட்டுப் பத்திரத்திலேயே சேர்க்காமல் விட்டார்கள். அதுகூடப் போகட்டும். நிலம் போனால் போகிறது. உயிரையும் அல்லவா அப்படியே விட்டுவிட்டார்கள்!

அவர் வலியைச் சொல்லத் தெரியாதவர் இல்லை. தலைவலி என்றால் துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். முள் குத்தினால் பாதத்தை அப்பத்தா மடியில் தூக்கி வைப்பார். அன்றைக்கு வயிற்றின் வலப்பக்கம் அடியில் கையை அழுத்திக்கொண்டு, முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார். சோறு இறங்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வரிசையில் அவர் அலறியபோது, "ஆள அடக்குங்கம்மா, மத்த நோயாளிங்க இருக்காங்கல்ல" என்றார்கள். டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. "இவங்க இப்படித்தான் கத்துவாங்க" என்று தூக்க மாத்திரை எழுதினார். காய்ச்சல் ஏறியதும் மறுபடி போனோம். இந்த முறை தூக்கத்துக்கு ஊசி. சித்தப்பா அடங்கினார். வலி அடங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த டாக்டர் முதல் வேலையாக வயிற்றில் கை வைத்தார். பலகை மாதிரி இருக்கிறது என்றார். குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று அவர் எங்களைக் கேட்டார். ஐயோ, நாங்கள் கூட்டிக்கொண்டு போகாமலா இருந்தோம்!

குடல்வால் அழற்சி என்ன, பெயர் தெரியாத நோயா? நேரத்தோடு கண்டுபிடித்தால் ஒரு அறுவை சிகிச்சையில் தீர்ந்துபோவது. வாய்விட்டுப் பேசும் மனிதன் அதே இடத்தில் கை வைத்துக் காட்டியிருந்தால் ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார்கள். இவர் கை வைத்தால் மட்டும் அது பைத்தியக்காரத்தனமா?

இது எங்கள் வீட்டுத் தலைவிதி என்று யாரும் தேற்ற வேண்டாம். இங்கிலாந்தில் மென்கேப் என்ற அமைப்பு, இப்படி அலட்சியத்தால் போன ஆறு பேரின் கதையை 2007இல் ஊரறியச் சொன்னது. அதன் பிறகு அரசே விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. 2013இல் வந்த அறிக்கை, அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகச் செத்துப்போகிறார்கள் என்றது. அந்த விசாரணையில் ஒவ்வொரு சாவையும் தோண்டிப் பார்த்தார்கள். என் சித்தப்பாவின் சாவை யார் தோண்டினார்கள்? இதயமும் மூச்சும் நின்றதால் மரணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் கடைசியில் அவைதானே நிற்கும்! ஏன் நின்றது என்று எழுதுங்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, இவர்களைப் பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரச் சொல்கிறது. முன்னுரிமையை விடுங்கள், வயிற்றில் ஒரு தடவை கை வைத்திருக்கக் கூடாதா? கூட வந்த தாயிடம், "வழக்கமா வலிச்சா என்ன செய்வார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பெற்றெடுத்து, ஊட்டி, கழுவிவிட்டு வளர்த்தவள் பக்கத்திலேயேதான் நின்றாள். "எம்புள்ளைக்கு வயித்துல என்னமோ பண்ணுதுய்யா" என்று கும்பிட்டுச் சொன்னாள். அவளையும் அடக்கத்தான் பார்த்தார்கள்.

மனு கொடுத்தோம். மாதங்கள் கழித்து ஒரு பக்கத்தில் பதில் வந்தது. 'நோயாளி தனது உபாதையைத் தெரிவிக்க இயலாத நிலையில் இருந்தார்' என்று அதில் எழுதியிருந்தார்கள். பொய். அப்பட்டமான பொய். அவர் தெரிவித்தார். கை வைத்துக் காட்டினார், சுருண்டு படுத்துக் காட்டினார், அந்தக் கட்டடமே அதிர அலறிக் காட்டினார். பக்கத்தில் நான் நின்றேன். எந்த அதிகாரி முன்னால் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், கூப்பிடுங்கள்.