தூசியை விழுங்கிய இயந்திரம்

மரவேலைப் பட்டறையில் தூசியைக் கிளப்புவோர் ஒரு சாரார்; அதைக் கூட்டுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரின் வழக்கைத் தீர்க்க வந்த நடுவரே தூசி உறிஞ்சும் இயந்திரம். ஆயின் நடுவரே சில வேளை கிளப்புவோர் கட்சியில் சேர்ந்துவிடுவதும் உண்டு. ரயில்வே அலுவலகத்தில் பழங்கோப்புகளின் தூசியோடு காலங்கழிக்கும் நமக்கு இப்பொருளில் தனிப் பரிவு இருப்பதில் வியப்பில்லை.

தில்லியில் மரச்சாமான் கடைகளுக்குப் பேர்பெற்ற கீர்த்தி நகர்ப் பக்கம், நாகர்கோவிலைச் சேர்ந்த நம் அன்பர் ஒருவர் சிறு பட்டறை நடத்துகிறார். அவர் வாங்கிய இயந்திரத்தின் அமைப்பு எளிது. மோட்டார் சுழற்றும் விசிறி குழாய் வழியே காற்றை இழுக்கும். காற்றோடு மரத்தூளும் வரும். தூள் கீழ்ப்பையில் தங்கும். காற்று மேற்பையின் துணி வழியே வெளியேறும்.

ஒரு நாள் கீழ்ப்பையைக் கொட்டிய பையன், அதை மீண்டும் மாட்டும்போது பட்டையை இறுக்க மறந்தான். அவ்வேளை அலமாரி பார்க்க ஓர் அம்மையார் கருநீலப் பட்டுடுத்தி உள்ளே வந்தார். மேஸ்திரி பொத்தானை அழுத்தினார். பை கழன்றது; அடைபட்டிருந்த தூள் முழுதும் ஒரே கணத்தில் விடுதலை பெற்றது. புகை அடங்கியபோது அங்கிருந்தோர் யாவரும் திருநீற்று அபிஷேகம் கண்ட மூர்த்திகளாய் நின்றனர். அலமாரி விற்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

மற்றொரு முறை மின்கம்பிகளைப் பழுது பார்த்தபின் இயந்திரம் உறுமிற்று, உறிஞ்சவோ மறுத்தது. குழாயில் அடைப்பென்று கருதி வளைவுகளையெல்லாம் கழற்றினர். தொலைந்துபோன அளவு நாடா, இரண்டு பென்சில், 'வரவே இல்லை' என்று அன்பர் சாதித்து வந்த மின்கட்டணச் சீட்டு ஆகியவை வெளிவந்தன. அடைப்பு நீங்கியும் இயந்திரம் அசட்டையாகவே இருந்தது. மூன்று மின்கம்பிகளில் இரண்டு இடம் மாறியதால் விசிறி தலைகீழாகச் சுழன்றதே காரணம். இவ்வகை விசிறி எதிர்ப்புறம் சுழன்றாலும் காற்றை வெளியே ஊதாது. சோம்பேறித்தனமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே குற்றம் எளிதில் புலப்படாது. மோட்டாரின் மேல் வரைந்துள்ள அம்புக்குறியைப் பார்ப்பதே பரிகாரம்.

குளிர்காலத்திலோ பிளாஸ்டிக் குழாயைத் தொட்டவர் கையில் சுரீரென்று மின் அதிர்ச்சி. பையன் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கோத்துக் குழாயில் தொங்கவிட்டான். தூள் உராய்வதால் பிறக்கும் மின்சாரம் அதற்கு அஞ்சவில்லை. செம்புக் கம்பி சுற்றித் தரையோடு இணைத்த பின்னரே அதன் ஆட்டம் குறைந்தது.

நகைத்தது போதும். சென்ற திங்கள் அங்கு சென்றபோது தரை பளிச்சென்றிருந்தது. "இனிமேல் கவலையில்லை, மேஸ்திரி!" என்றோம். நாற்பதாண்டு மரத்தோடு பழகிய அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "தரையில் விழுந்ததைத்தான் கூட்டிவிடலாமே, தம்பி. விழாமல் நிற்கிறதே, அதற்கு என்ன செய்ய?"

அவர் கேட்டதே கேள்வி. சுருளும் சீவலும் கண்ணுக்குத் தெரியும். அவை மார்புக்குள் போவதில்லை. தேய்ப்புத்தாளும் ரம்பமும் எழுப்பும் மிக நுண்ணிய தூளே நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலை அடைகிறது. மேற்பையின் நெசவு பெரிதானால், இயந்திரம் சீவலைப் பிடித்துக்கொண்டு நுண்தூளை நம் மூக்கின் உயரத்திலேயே வீசும். தூய தரை வேறு, தூய காற்று வேறு.

இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரத்து மரச்சாமான் தொழிலாளரிடையே மூக்கினுள் தோன்றும் அரியவகைப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1960-களில் மருத்துவர்கள் கண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் முதல் வகுப்பில் சேர்த்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, தூசி தோன்றும் இடத்திலேயே அதை அகற்ற வேண்டுமென்று 14-ஆம் பிரிவில் விதித்தது. சட்டம் பெரிய ஆலைகளை நோக்கியது. நம்மவர் பலர் உழைப்பதோ சந்துப் பட்டறைகளில்.

ஆதலின் இல்லத்தரசியர்க்கும் ஒரு சொல். பட்டறையில் நெருக்கமான நெசவுள்ள பை உண்டா, அல்லது இயந்திரம் சுவருக்கு வெளியே உள்ளதா என்று கேளுங்கள். வேலை நின்றபின்னும் அது சற்று நேரம் ஓடட்டும். முகமூடியும் அதுவரை இருக்கட்டும். காற்றுக் குழலால் சட்டையை ஊதித் தட்டுவது ஆகாது. வீடு திரும்பியவர் சட்டை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்கட்டும். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நாட்கணக்கில் அடைத்திருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, 'தில்லிக் குளிர்' என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேஸ்திரியை அன்பர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. புதிய பை மட்டும் வந்துவிட்டது.