பெயின்ற்றைப் பார்த்துச் சிலிண்டர் வாங்குகிறவர்களுக்கு

“தம்பி, ஸ்டீல் எண்டா ஸ்டீல்தான். அதுக்குள்ள பாக்க என்ன கிடக்கு?”

போன மாதம் எங்களுக்குக் கிடைத்த பதில் இது. எங்களில் ஒருவனின் அண்ணன் கடலட்டைக்குச் சுழியோடுகிறவர். சம்மாட்டி தருகிற சிலிண்டரோடு இறங்கி இறங்கி அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. சொந்தமாக இரண்டு வாங்குவோம் என்று, பழைய சாமான் விற்கிற ஓரிடத்துக்குப் போனோம். புது மஞ்சள் பெயின்ற் அடித்த இரண்டு ஸ்டீல் சிலிண்டர்கள் மினுங்கிக்கொண்டு நின்றன. காற்றைத் திறந்துவிட்டு, வால்வைக் கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்றோம். மனிசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

எங்கட சண்டை அந்தக் கோபத்தோடுதான், ஸ்டீலோடு இல்லை. ஸ்டீல் நல்லது என்பது உண்மை. கடலில் அதிகம் புழங்குகிற அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர் கொள்ளளவு உடையது. 207 பாருக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2200 லீற்றர் காற்று பிடிக்கும். அந்தக் காற்றுக்கே இரண்டரைக் கிலோ எடை இருக்கிறது. மூச்சுவிட்டு முடிக்க முடிக்க சிலிண்டர் இலேசாகி, கடைசியில் மிதக்கப் பார்க்கும். அதை அமர்த்த இரண்டு கிலோ ஈயத்தைக் கூடுதலாக இடுப்பில் கட்ட வேணும். 12 லீற்றர், 232 பார் ஸ்டீல் சிலிண்டர் காற்று முடிந்தாலும் தாழ்ந்தே நிற்கும். காற்றும் கூடப் பிடிக்கும். சுழியோடிகள் ஸ்டீலை விரும்புவது இதனால்தான்.

ஆனால் அலுமினியத்தில் உப்புநீர் பட்டால் மேலே படியும் ஒட்சைட்டுப் படை ஓரளவுக்கு அதைக் காப்பாற்றும். ஸ்டீலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கறள் தின்றுகொண்டே போகும். நீருக்கடியில் காற்றைக் கடைசி மூச்சுவரை உறிஞ்சினால் உள்ளே தண்ணி போகலாம். வால்வு வாயிலில் நிற்கும் துளியை ஊதித் தள்ளாமல் நிரப்பினாலும் போகும், கொம்பிரசரின் ஈரக் காற்றோடும் போகும். ஒரு கரண்டி கடல்நீர் போதும். கறள் சுவரை மட்டும் தின்பதில்லை, உள்ளே இருக்கிற ஒட்சிசனையும் தின்னும். நிரப்பி மாதக்கணக்கில் மூலையில் வைத்த ஈரமான ஸ்டீல் சிலிண்டரில் அமுக்கம் இருப்பதாகவே காட்டும், மூச்சு இழுத்தால் ஆள் மயங்கிப் போகலாம். (எங்கட பத்திரிகைகள் இதை “ஒட்சிசன் சிலிண்டர்” என்று எழுதுகின்றன. உள்ளே இருப்பது நாங்கள் எல்லாரும் சுவாசிக்கிற அதே காற்றுத்தான்.)

ஆகவே பெயின்ற் எங்களுக்கு ஒன்றும் சொல்லாது. தோளில் வெட்டிய எழுத்துகள் சொல்லும்: கொள்ளளவு, வேலை அமுக்கம், கடைசியாகச் சோதித்த மாதமும் வருடமும். வருடத்துக்கு ஒருக்கா உள்ளே பார்ப்பதும், 5 வருடத்துக்கு ஒருக்கா நீரமுக்கச் சோதனை செய்வதும் பல நாடுகளில் நடைமுறை. நாங்கள் பார்த்த சிலிண்டர்களில் அந்த எழுத்துகளுக்கு மேலேயே பெயின்ற் அப்பிக் கிடந்தது. அடியில் இருந்த பிளாஸ்ரிக் சப்பாத்தையும் கழற்ற விடவில்லை. உப்புநீர் தேங்கி வெளிக்கறள் பிடிக்கிற இடமே அதுதான்.

வால்வு இன்னும் மோசமான கதை. யோக்கா, டின்னா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். யோக் என்றால் ஓ-றிங் வெளியே தெரிய இருக்கும், ரெகுலேட்டரை மேலால் கவ்வி இறுக்குவோம். டின்னில் ரெகுலேட்டர் வால்வுக்குள் திருகி இறங்கும், ஓ-றிங் உள்ளே பத்திரமாக இருக்கும், படகு விளிம்பில் இடிபட்டாலும் இலகுவில் கழராது. எங்கட தெரிவு, உள்செருகலைக் கழற்றினால் டின்னாகவும் மாட்டினால் யோக்காகவும் வேலை செய்கிற வால்வு. அது கிடக்கட்டும். உயிரை எடுப்பது கீழே, கழுத்துக்குள் போகிற புரி. எம்25 புரி வால்வு, முக்கால் அங்குலப் புரி கழுத்துக்குள்ளும் திருகப் போகும். பொருந்தின மாதிரியே இருக்கும், ஆனால் கொஞ்சம்தான் கவ்வியிருக்கும். 232 பாரில் அந்த வால்வை வெளியே தள்ளுகிற விசை ஒரு தொன்னுக்கு மேல். அப்படிப் பறந்த வால்வுகள் வெளிநாடுகளில் ஆட்களைக் கொன்றிருக்கின்றன. பழைய உடலுக்கு வேறெங்கோ கழற்றின வால்வைப் பூட்டி விற்கிற சந்தையில், இரண்டிலும் வெட்டியிருக்கும் புரி அளவைப் பார்க்காமல் காசு கொடுக்கலாமா?

பெரிய சிலிண்டர் கேட்கிற சம்மாட்டிமாருக்கும் ஒன்று. கூடின காற்று கூடின நேரம், கூடின நேரம் உடம்பில் கூடின நைதரசன். கால் விளங்காமல் வீட்டில் கிடக்கிற சுழியோடிகள் எங்கட கரையில் இருக்கினம். இன்னும் 500 லீற்றர் காற்றைக் கொடுத்துவிட்டு, எத்தனை தரம் இறங்கினான் என்று எண்ணாமல் விடுவதற்குப் பெயர் வசதி இல்லை.

ஏதும் நடந்தால் மட்டும் “அவன்ர கவனக்குறைவு” என்பார்கள். எதைக் கவனிக்க விட்டீர்கள்? சிலிண்டர் உங்கட, நிரப்புவது உங்கட ஆள், வால்வு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது. அதில் மூச்சுவிடுகிறவன் கேட்டால் திறந்து காட்டுங்கள். சோதனைத் திகதி தெரியாத சிலிண்டரை நிரப்பாதீர்கள். நாங்கள் கேட்பது இவ்வளவும்தான்.

அந்த இரண்டையும் நாங்கள் வாங்கவில்லை. அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனபோது அவை அங்கே இல்லை. யாரோ கொண்டு போயிருக்கினம்.