குறட்டை நகைப்புக்குரியதா?

குறட்டை விட்டு உறங்குபவனைக் கண்டால், ‘ஆழ்ந்த நித்திரை’ என்று சொல்லி நகைப்பது நம்மிடையே வழக்கம். வகுப்பிற் கண்ணயரும் மாணாக்கனுக்கோ ‘கும்பகர்ணன்’ என்னும் பட்டம் எளிதிற் கிடைத்துவிடுகின்றது. இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பதே என் கருத்து.

ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நூலில் ஜோ என்றொரு பருத்த பையன் வருகின்றான். வேலையினிடையே உறங்கிப்போவான், குறட்டையும் விடுவான். படித்தோர் சிரித்தனர். 1956இலோ, அமெரிக்க வைத்தியர் சிலர் அத்தகைய நிலையிலிருந்த நோயாளி ஒருவரை ஆராய்ந்து, அந்நோய்க்குப் ‘பிக்விக்’ பெயரையே சூட்டினர். 1965இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஆய்வாளர் இத்தகையோரின் உறக்கத்தைப் பதிவு செய்து, அதனிடையே மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோவதைக் கண்டனர்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைக்கின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கின்றது. குருதியில் ஒட்சிசன் குறைகின்றது. மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகின்றது. நோய் கடுமையாயின், மணிக்கு முப்பது முறைக்கு மேலும் இவ்வாறு நிகழும். உறங்குபவனோ இதனை அறியான். விடிந்ததும் தலைவலி, படித்தது மனத்தில் நில்லாமை, கவனம் சிதறல், காரணமற்ற சினம், சிலரிடம் ஆறாத மனச்சோர்வு. நாம் இவற்றை உடலின் குறையாகக் கொள்ளாது குணத்தின் குறையாகக் கொள்கின்றோம். அநீதி இங்கேதான் பிறக்கின்றது.

சோம்பேறிகள் யாவரும் நோயாளரோ எனச் சிலர் வினவலாம். அல்லர். ஆயினும், இரவில் குறட்டை விட்டு மூச்சுத் திணறுபவன் பகலிலும் தூங்கி விழுந்தால், அவனைத் தீர்ப்புக்கு முன் வைத்தியரிடம் அனுப்புவதே அறம். சிறுவரிடம் இந்நோய் தூக்கமாக அன்றித் துடுக்குத்தனமாகவும் தோன்றக்கூடும். பருத்த டொன்சில் காரணமாயின், சத்திரசிகிச்சையால் அநேகர் குணமடைவர். வளர்ந்தோர்க்கும் வழியுண்டு: மூக்கிற் பொருத்திய கவசத்தினூடே காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் முறையை, அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் 1981இல் வெளியிட்டார்.

ஆசிரியப் பெருமக்களே, பிரம்பை எடுக்குமுன், “உங்கள் பிள்ளை இரவில் எவ்வாறு உறங்குகின்றான்?” என்று பெற்றோரை ஒரு முறை கேளுங்கள். அவ்வொரு கேள்வி ஒரு பிள்ளையின் படிப்பைக் காக்கவும் கூடும்.