ரூர்கேலா டிராகன்ஸும் அரியலூர்ப் பையனும்

கொஞ்சம் காட்டமான பதிவு மக்களே. கிரிக்கெட் தவிர வேறு எதுவும் பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம்.

2025 ஜனவரி 31. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை. என் செல்போனில் ஹாக்கி இந்தியா லீக் அரையிறுதி. தமிழ்நாடு டிராகன்ஸும் பெங்கால் டைகர்ஸும் சமனில் முடிந்து ஷூட் அவுட் ஓடிக்கிட்டிருக்கு. நான் படுற பாட்டைப் பார்த்து டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி மேட்ச்சு?"

"ஹாக்கிண்ணே. நம்ம தமிழ்நாடு டீம்."

"எங்க நடக்குது?"

"ரூர்கேலா. ஒரிசாவுல."

"மெட்ராசுக்கு எப்ப வருவாங்க?"

"இந்த வருசம் வரலண்ணே."

"அப்புறம் என்ன நம்ம டீமு?" கேட்டுட்டு பாய்லர் பக்கம் போயிட்டார்.

ஷூட் அவுட்டில் தோத்தோம். மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடமும் தோத்து நாலாவது இடம். எட்டு டீமில், முதல் சீசனில், நாலாவது என்பது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்த சீசன் முழுக்க ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்தான். தமிழ்நாடு என்று பேர் வைத்த டீம் தமிழ்நாட்டு மண்ணில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே சீசனை முடிச்சது. என் கோபம் இதுதான்; தோல்வி இல்லை.

"ஏலத்தில் காசு கொடுத்து வாங்கின டீமுக்கு என்னய்யா ஊர்ப்பாசம்?" என்று நம்ம பதிவுலக சிங்கங்கள் சிலர் கேட்பீங்க. கேட்கிறவர் எல்லாம் மஞ்சள் சட்டைக்காரர்தான் என்பது வேற விஷயம். சிஎஸ்கேவையும் வாங்கித்தானே கட்டினாங்க? 2018இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனப்ப, தனி ரயில் ஏறிப் போனாங்க ரசிகர்கள். அந்த ரயில் விளம்பரத்தில் ஓடலை. 2008லேர்ந்து சேப்பாக்கத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டின ஜனம்தான் அதில் ஏறினது. மைதானம் முதலில், பாசம் அப்புறம். ஹாக்கியில் நாம பாசத்தை முதலில் கேட்கிறோம், மைதானத்தைத் தர மாட்டேங்கிறோம்.

நம்ம லீக் வரலாறையே பாருங்க. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக், அதில் சென்னை வீரன்ஸ். 2008ஓடு லீக்கே காலி. 2012இல் வேர்ல்ட் சீரீஸ் ஹாக்கி, அதில் சென்னை சீட்டாஸ். ஒரே சீசன், அதோடு மூட்டை கட்டியாச்சு. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டுக்கு டீமே கிடையாது. பிறகு 2024 டிசம்பரில் லீக் மறுபடி உயிர் பெற்றப்ப டிராகன்ஸ். இருபது வருசத்தில் மூணு பேர், மூணு சட்டை. எங்க மாவட்டக் கதை மாதிரிதான்: அரியலூரை 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிச்சாங்க, 2002இல் சேர்த்தாங்க, 2007இல் மறுபடி பிரிச்சாங்க. ஆனா எங்க ஊரு எங்கயும் போகலை, அதே இடத்தில்தான் இருந்தது. டீமுக்கு அந்த 'அதே இடம்' இல்லை.

ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி என்று ஒரு ஊர். ஜனத்தொகை சுமார் 50 ஆயிரம், அதாவது நம்ம பெரம்பலூர் டவுன் அளவுதான். அங்கே ஃபைஃப் ஃபிளையர்ஸ் என்று ஒரு ஐஸ் ஹாக்கி கிளப். 1938இல் ஆரம்பிச்சது, பிரிட்டனிலேயே இன்னும் ஆடிக்கிட்டிருக்கிற பழைய தொழில்முறை கிளப் அதுதான். அதே 1938இல் கட்டின பனித்தளத்தில்தான் இன்னிக்கும் ஆடறாங்க. லீக்கில் கடைசி இடத்துக்கு வந்த வருசமும் உண்டு. அதுக்காக யாரும் கிளப்பைத் தூக்கி வேற ஊருக்கு வித்துடலை. தோத்தாலும் அது அவங்க ஊர் டீம், ஏன்னா அந்தக் கட்டடம் ஊருக்குள்ளே இருக்கு.

இப்ப அரியலூருக்கு வர்றேன். டிராகன்ஸில் ஆடின கார்த்தி செல்வம் அந்த ஊர்ப் பையன். நான் டீ குடிச்ச கடையிலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு வந்தவர், பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில், மலேசியாவை 5-0 என்று அடிச்ச ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. எழும்பூர் அரங்கமே எழுந்து நின்னது. நம்ம பையன் நம்ம ஊரில் ஆடினா என்ன ஆகும் என்பதற்கு அந்த ராத்திரியே சாட்சி. ஒன்றரை வருசம் கழிச்சு அதே பையனை 'தமிழ்நாடு' சட்டை போட்டு ரூர்கேலாவில் ஆடவிட்டு, "ஏன் யாரும் பார்க்கலை?" என்றால் என்ன சொல்ல?

அவர் ஹாக்கிக்காரர் ஆனதும் கோவில்பட்டி விடுதிக்குப் போய்த்தான். அந்த ஊர் தனிக்கதை. தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் மட்டுமில்லை, லட்சுமி அம்மாள் கோப்பை என்று அகில இந்தியப் போட்டியும் உண்டு. பெரிய டீமெல்லாம் வந்து ஆடுறதைப் பார்த்தே வளருது அங்கே பிள்ளைங்க. அதே 2022 ஆசியக் கோப்பையில் கார்த்தியோடு இந்திய அணிக்கு வந்த மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். தற்செயலா?

அரியலூரும் கோவில்பட்டியும் ஒரே சென்னை-திருநெல்வேலி ரயில் பாதையில்தான் இருக்கு. (பெரம்பலூருக்கு இன்னும் ரயிலே கிடையாது, அந்த வயித்தெரிச்சல் தனிப்பதிவு.) கார்த்திக்குப் பின்னாடி வர்ற பையனும் அதே ரயில் ஏறித்தான் ஆகணுமா?

2026 ஜனவரியில் லீக் ஒருவழியா எழும்பூருக்கு வந்தது. டீம் பேருக்கு முன்னாடி 'அக்கார்டு' ஒட்டிக்கிச்சு. வந்தது நல்லதுதான், மறுக்கலை. ஆனால் மொத்த டீமும் சேர்ந்து கொஞ்ச நாள் கூடாரம் போட்டு ஆடிட்டு, ராஞ்சி, புவனேஸ்வர்னு கிளம்பியாச்சு. திருவிழாவுக்கு வந்த சர்க்கஸ் மாதிரி.

முதல் ஏலத்தில் நெதர்லாந்தின் ஜிப் யான்சனுக்கு மட்டும் டிராகன்ஸ் கொடுத்தது 54 லட்சம். நல்ல ஆட்டக்காரர், கொடுங்க. கூடவே சீசனுக்கு முன்னாடி ஒரே ஒரு பயிற்சி ஆட்டம் அரியலூரில் ஆடுங்க. டர்ஃப் எங்கேன்னு கேட்காதீங்க, செம்மண் தரையில் அஞ்சுக்கு அஞ்சு ஆடினாலும் ஊரே வரும். பெரம்பலூர், அரியலூர் பள்ளிக்கூடங்களுக்கு ரெண்டு மாசம் டிராகன்ஸ் பேரில் ஒரு லீக் நடத்துங்க. ஒரு லட்சம் இருந்தா ஒரு ஸ்கூல் டீமுக்கு ஸ்டிக், பந்து, கோல் கீப்பர் பேடு வரைக்கும் தேறும். அப்புறம் அரையிறுதியில் தோத்தா நானே வந்து திட்டறேன், உரிமையோடு.

டிஸ்கி: அந்த டீக்கடை மாஸ்டர் இப்பவும் என்னைப் பார்த்தா "உங்க ரூர்கேலா டீம் என்னாச்சு தம்பி?"ன்னுதான் கேட்கிறார்.