மீன்தொட்டியா, மீன்களின் சுடுகாடா?

நம் பள்ளிகளின் அறிவியல் மூலைகளில் வீற்றிருக்கும் மீன்தொட்டிகளைப் பற்றி எழுதினால் சிலருக்குச் சிரிப்பு வரும்; சிலருக்குச் சினம் வரும். தமிழ்ப்பள்ளிகளுக்கு வேறு சிக்கலே இல்லையா என்பார்கள். இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன. ஆயினும் இது நம் கைக்கு எட்டிய சிக்கல். இதற்கு அமைச்சுக்கு மனுக் கொடுக்க வேண்டியதில்லை.

வழக்கமான காட்சியைச் சொல்கிறேன். அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அறிவியல் மூலைக்கு உயிர் வந்துவிடும். உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்று, அடியில் நீல நிறக் கூழாங்கற்கள், நடுவில் நெகிழிச் செடி, இரவுச் சந்தையில் பையில் கட்டி வாங்கிய பொன்மீன்கள் இரண்டு. பக்கத்தில் ‘மீனின் வாழ்விடம்’ என்று அழகிய கையெழுத்தில் ஓர் அட்டை. வந்தவர்கள் தலையசைத்துச் செல்வார்கள். சில நாள்களில் மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். குடுவை கழுவப்பட்டு அலமாரியின் மேல் கவிழ்க்கப்படும். அடுத்த வருகைக்கு வேறு இரண்டு மீன்கள்! இக்கூத்தை நான் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் கண்டிருக்கிறேன். பெயர்கள் வேண்டா.

இதைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? உயிர் என்பது மின்கலம் போன்றது. தீர்ந்துபோனால் புதிது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பதைத்தான். ‘மீனின் வாழ்விடம்’ என்ற அட்டை அங்கே சொல்லும் பொய்யைப் பிள்ளைகள் உணராமல் இருப்பார்களா?

அம்மீன்கள் ஏன் மாண்டன என்று எந்த வகுப்பிலாவது கேட்கப்பட்டதுண்டா? பொன்மீன் இருபது சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. நன்கு பேணினால் பத்தாண்டுக்கும் மேல் வாழக்கூடியது. அதன் கழிவு அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். மீனோ நஞ்சில் நீந்திக்கொண்டிருக்கும். பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. எஞ்சும் நைட்ரேட்டைச் செடிகள் உணவாக உறிஞ்சிக்கொள்ளும். இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரமாகும். நாமோ காலையில் குழாய் நீரை நிரப்பி மாலையில் மீனை விடுகிறோம். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கவும் மறந்துபோகிறோம். நெகிழிச் செடி எதை உறிஞ்சும்?

1850ஆம் ஆண்டிலேயே இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், பொன்மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழ இயலும் என்பதைச் செய்து பார்த்து எழுதிவைத்தார். நூற்றெழுபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் நம் அறிவியல் மூலை அதற்கு முந்திய காலத்திலேயே நிற்கிறது.

நான் பரிந்துரைப்பது மீனே இல்லாத தொட்டி. ஆம், மீன்தொட்டியில் மீன் வேண்டா! இருபது முப்பது லிட்டர் கொள்ளும் செவ்வகத் தொட்டி, காற்றுப் பம்பில் இயங்கும் பஞ்சு வடிகட்டி, சிறு மரத்துண்டில் நூலால் கட்டிய ஜாவா பாசி, சில வாரங்கள் பொறுத்தபின் பத்துச் செர்ரி இறால்கள். அவ்வளவுதான். நம் மலாக்கா வெயிலுக்கு இவ்விரண்டும் ஓரளவு தாங்கும். சாளரத்தின் நேர்வெயில் மட்டும் ஆகாது. கடையில் கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட விலையுயர்ந்த இறால்களைக் காட்டுவார்கள். அவை குளிர்ந்த நீர் கேட்பவை. அந்த ஆசை பள்ளிக்கு வேண்டா.

இங்கே தமிழாசிரியனுக்கு ஒரு சிறிய வேலையும் உண்டு. குளத்து நீரைப் பச்சையாக்குவதையும் பாசி என்கிறோம், சுவரில் மெத்தென்று படர்வதையும் பாசி என்கிறோம். (பாசிப்பயறும் பாசிமணியும் வேறு கதை.) முதலாவதற்குத் தண்டுமில்லை, இலையுமில்லை. இரண்டாவதற்குச் சிறு தண்டும் இலையும் உண்டு. உண்மையான வேர்தான் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை மாணவனிடம் கொடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லுக்குள் இரண்டு உயிர் உலகங்கள் இருப்பதை அவனே கண்டுகொள்வான். பாசி என்றாலே அழுக்கு, சுரண்டி எடு என்னும் பழக்கமும் அன்றோடு ஒழியும். அந்தப் பாசியின் மேல் படியும் மெல்லிய நுண்ணுயிர்ப் படலத்தைத்தான் இறால் நாள் முழுதும் மேய்கிறது.

ஒரு நாள், தொட்டியின் அடியில் ஓர் இறால் அசைவின்றிக் கிடக்கும். பிள்ளைகள் பதறுவார்கள். அது இறாலன்று, இறால் கழற்றிப் போட்ட சட்டை! வளர வேண்டுமானால் அது தன் மேலோட்டை உரித்தே ஆக வேண்டும். அந்த ஓட்டை எடுத்து எறிந்துவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்துக்காக இறால்களே அதைத் தின்னும். பிறிதொரு நாள், பெண் இறாலின் வயிற்றடியில் முட்டைகள் தெரியும். கால்களால் விசிறி விசிறி அவற்றுக்குக் காற்றூட்டிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் போல ஆனதும் மயிரிழை போன்ற குஞ்சுகள், தாயின் வடிவிலேயே, பாசிக்குள் ஒளிந்திருக்கும். நம் ஆற்று ஊடாங் காலாவின் குஞ்சுகள் அப்படியல்ல. அவை வளர்வதற்கு உவர்நீர் வேண்டும். எந்தப் படத்தொகுப்பு இதைக் கற்பிக்கும், சொல்லுங்கள்?

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்குகிறது என்று முன்பு சொன்னோம். 2021இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. இனி என்ன சாக்கு?

பெற்றோர்கள் எழுப்பும் ஒரு மறுப்பு மட்டும் நியாயமானது: டிங்கி. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். இறாலை நம்பி இருக்க முடியாது, அது கொசுப்புழுவை வேட்டையாடும் உயிரினமன்று. ஆகவே இறுக்கமான மூடி வேண்டும்; காற்றுக் குமிழிகளால் நீரின் மேற்பரப்பு எப்போதும் அசைய வேண்டும்; வாரந்தோறும், ஐந்திலொரு பங்கு நீரை மாற்றும்போது, புழு இருக்கிறதா என்று மாணவர்களே பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். பள்ளியில் கொசுப்புகை அடிக்கும் நாளில் காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை நெகிழித் தாளால் போர்த்துங்கள். புகை முற்றும் கலைந்தபின் எடுங்கள். கொசுவைக் கொல்லும் மருந்து மீனைவிட இறாலை எளிதில் கொன்றுவிடும். செம்பு கலந்த மீன் மருந்துகளும் அப்படியே.

இன்னொன்று. வளர்க்க முடியாத உயிர்களை ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று வெளியில் கொண்டுபோய் விடுகிறார்களே, அதைக் கருணை என்று பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கி, பெருத்துப்போனதும் ஆற்றில் விடப்பட்ட தென்னமெரிக்க மீன்தான் இன்று நம் நாட்டு ஆறுகளில் பெருகிக் கரைகளைத் துளைக்கும் ‘ஈக்கான் பண்டாராயா’. நகராண்மை மீன் என்று பெயர், செய்வதோ நேர்மாறு! டுரியான் துங்கால் வாழ் மக்களுக்கு இதை விளக்க வேண்டுமா? நாம் குடிக்கும் நீரைச் சேர்த்து வைத்திருக்கும் நீர்த்தேக்கம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1991இல் அது வறண்டபோது மலாக்காவே தவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நீரில், அதில் போய்ச் சேரும் கால்வாய்களில், ஓர் இறாலையோ ஒரு பிடிப் பாசியையோகூடக் கொட்டக்கூடாது. பெருகிவிட்டால் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுங்கள், மகிழ்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தொட்டி வாங்குவதற்குப் பணம் கேட்கும் ஆசிரியரிடம் விலையை முதலில் கேட்காதீர்கள். ஆண்டிறுதி விடுமுறையில் பள்ளியின் மின்சாரத்தை அடைத்துவிட்டால் காற்றுப் பம்பு நின்றுபோகும். அந்த வாரங்களில் தொட்டி யார் வீட்டில் இருக்கும் என்று கேளுங்கள். விடையாக ஒரு பெயர் கிடைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள். அதுவரை அந்த உருண்டைக் குடுவையில் எழுதுகோல்களைப் போட்டு வையுங்கள்.