அரேக்குள் தேடுவோருக்கு

நியோ4ஜே என்ற கிராஃப் தரவுத்தளத்தைக் கற்கத் தொடங்கும் பலரும் முதலில் திறப்பது அதனுடன் வரும் திரைப்பட மாதிரித் தரவை: 38 படங்கள், 133 பேர். டாம் ஹாங்க்ஸை ‘கிளவுட் அட்லஸ்’ படத்தோடு இணைக்கும் உறவில் ‘ரோல்ஸ்’ என்றொரு பண்பு உண்டு. அது அரே; அவர் ஏற்ற நான்கு பாத்திரங்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அதே படத்தில் ஹியூகோ வீவிங்குக்கு ஆறு. ‘ஸாக்ரி’ என்ற பாத்திரத்தில் நடித்தவர் யார் என்று கேட்டால் நொடியில் விடை வரும். தரவு கையளவு என்பதே அதற்குக் காரணம். இந்த வடிவத்தையே பல லட்சம் உறவுகளுள்ள தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனால் குவெரி தவழும்.

“அந்தப் பண்புக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கிறோமே!” என்பதுதான் அப்போது எழும் மறுப்பு. போட்டது ரேஞ்ச் இண்டெக்ஸ். அது அரே முழுவதையும் ஒரே மதிப்பாகப் பதிகிறது. நான்கு பெயர்களையும் அதே வரிசையில் கொடுத்துச் சமமா என்று கேட்டால் உதவும். ஒரு பெயரை மட்டும் கொடுத்தால் உதவாது. பழந்தமிழ் நூல்களின் பின்னிணைப்பை நினைத்துப் பாருங்கள். செய்யுள் முதற்குறிப்பைக் கொண்டு பாட்டின் நடுவில் வரும் சொல்லைத் தேட முடியாது. அதற்குச் சொல்லடைவு வேண்டும்.

நியோ4ஜேயின் குவெரி மொழியான சைஃபரின் ‘இன்’ இங்கே பலரைத் தடுமாற வைக்கிறது. பண்பு ஒற்றை மதிப்பாக இருந்து, நாம் தரும் பட்டியலில் அது உள்ளதா என்று கேட்டால் இண்டெக்ஸ் வேலை செய்யும். திருப்பிப் போட்டு, நாம் தரும் மதிப்பு பண்பின் அரேக்குள் உள்ளதா என்று கேட்டால் ஸ்கேனும் ஃபில்டரும்தான். மாங்கோடிபியின் மல்டிகீ இண்டெக்ஸும் போஸ்ட்கிரெஸின் ஜின் இண்டெக்ஸும் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பதிபவை. அவற்றில் பழகியவர்கள் இங்கும் அதையே எதிர்பார்ப்பது இயல்பு.

அண்மைப் பதிப்புகளில் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் சர அரேக்களின் உறுப்புகளையும் ஏற்கிறது. ஆனால் பிளானர் அதைத் தானாகத் தேர்ந்தெடுக்காது. புரொசீஜர் வழியே நாம்தான் அழைக்க வேண்டும். இயல்பான அனலைசர் பெயரைச் சொற்களாக உடைத்துவிடும் என்பதால், முழுப்பெயர் பொருந்த வேண்டுமானால் கீவேர்டு அனலைசர் தேவை. எண் அரேக்களுக்கு இந்த வழியும் இல்லை.

எதைக் கொண்டு தேடுகிறோமோ அது கணுவாக (நோட்) இருக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பாத்திரத்தைக் கணுவாக்கி, பெயருக்கு இண்டெக்ஸ் போட்டு, நடிகரோடும் படத்தோடும் இணையுங்கள். ‘தந்தை’ என்ற பாத்திரம் பல படங்களில் வரும் என்பதால் இங்கே பெயருக்குத் தனித்தன்மைக் கட்டுப்பாடு பொருந்தாது; குறிச்சொற்களை (டேக்) இப்படிக் கணுவாக்கினால் அது பொருந்தும். குறிச்சொல் ஒன்றில் லட்சக்கணக்கான உறவுகள் குவிந்தால் அந்தக் கணு பாரமாகும். அதைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ளுங்கள்.

அரேயே கூடாது என்று சொல்லவில்லை. காட்டுவதற்கு மட்டும் பயன்படும் பட்டியல் அரேயாகவே இருக்கலாம். எம்பெடிங் வெக்டரும் அரேயாக இருக்கலாம். அங்கே எண்வரிசை முழுவதும் சேர்ந்தே பொருள் தருகிறது.

உங்களிடம் மெதுவாக ஓடும் குவெரி ஒன்றை இன்றே புரொஃபைல் போட்டுப் பாருங்கள். ஸ்கேனுக்கு மேல் அரே ஃபில்டர் தெரிந்தால், வன்பொருளைக் கூட்டும் முன், அன்வைண்டும் மெர்ஜும் கொண்டு அந்த அரேயைத் தொகுதி தொகுதியாகக் கணுக்களாக்குங்கள்.