கடவுளுக்குத் தோற்றம் உண்டோ?

"எல்லாவற்றையும் கடவுள் உண்டாக்கினார் எனின், கடவுளை உண்டாக்கினவர் யார்?" இவ்வினாவை ஒருமுறையேனும் கேளாத சிறுவர் நம் ஞாயிறு பள்ளிகளில் அரியர். "அவ்வாறு கேட்டல் ஆகாது" என்று வாயடக்கும் ஆசிரியரோ பலர். இது தக்க விடையன்று என்பது என் துணிபு. அடக்கப்பட்ட வினா மாய்வதில்லை. அது பிள்ளையோடு வளர்ந்து, கல்லூரியிலும் பனியன் கம்பெனியிலும் மீண்டும் தலைகாட்டும். திருச்சபையில் இதற்கு விடையில்லை போலும் என்று அன்று அவன் முடிவு செய்வானாயின், பழி அவனைச் சாராது. விடை உண்டு, தமிழிலும் அது நானூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது.

முதற்கண் வினாவையே ஆராய்வோம். தோற்றமுடைய பொருளைக் குறித்தே "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டல் தகும். நொய்யல் எங்கே தோன்றுகிறது எனின், வெள்ளியங்கிரி மலையில் என்கிறோம். அது திருப்பூரைக் கடந்து சென்று காவிரியிற் கலக்கிறது. ஆறு தோற்றமும் முடிவும் உடையது. ஆதலின் வினாவும் பொருந்தும், விடையும் பொருந்தும். தோற்றமுடைய பொருள் அனைத்திற்கும் ஒரு காரணர் உண்டு என்பதே கிறிஸ்தவர் கொள்கை. உள்ள பொருள் யாவற்றிற்கும் காரணர் உண்டு என்று அவர்கள் கூறினாரல்லர். இவ்வேற்றுமை சிறிதாகத் தோன்றும். முடிச்சு முழுதும் இதிலேயே இருக்கிறது.

எம் ஊர்த் தொழிலினின்றே ஓர் உவமை கூறுவேன். பனியன் துணி நெய்யப்படுவதன்று; பின்னப்படுவது. பின்னும் மெஷினினின்று துணி கீழ்நோக்கித் தொங்குகையில், ஒவ்வொரு நூல் வளையமும் தனக்கு மேலுள்ள வளையத்தைப் பற்றி நிற்கிறது. அதனைத் தாங்குவது அதற்கு மேலுள்ளது. இப்படியே எத்தனை ஆயிரம் வரிசைகளைக் கடந்து சென்றாலும், பிறிதொன்றைப் பற்றி நிற்கும் வளையத்தையே காண்போம். வளையங்களின் தொகையை முடிவின்றிப் பெருக்கினும் துணி தானாக நின்றுவிடாது. அதனைத் தாங்குவன மேலேயுள்ள ஊசிகள். ஊசியோ வளையங்களுள் ஒன்றன்று. "ஊசி எந்த வளையத்திற் கோக்கப்பட்டது?" என்று ஒருவன் வினவின், அவன் ஊசியை இன்னதென்று அறியான் என்போம். கடவுளை உண்டாக்கினவர் யார் என்பதும் அத்தகைய வினாவே. அவர் காரண காரியச் சங்கிலியின் முதற் கண்ணியல்லர். சங்கிலி முழுவதையும் தாங்குபவர். ஊசியும் ஒரு பட்டறையிற் செய்யப்பட்டதன்றோ எனின், ஆம்; இது ஒருபுடை உவமையே.

"தோற்றமின்றி இருத்தல் கடவுளுக்கு இயலுமாயின், உலகிற்கு ஏன் இயலாது?" என்பது அடுத்த தடை. இது வலிய தடையே. உலகின் இயல்பைக் காட்டியே இதற்கு விடை கூறவேண்டும். நாம் காணும் பொருள் ஒவ்வொன்றும் மாறுகிறது, தேய்கிறது, இல்லாதிருந்திருக்கவும் கூடும். இத்தகையன பல கூடினும் தன்னிலையுடைய பொருள் ஒன்று பிறவாது. விண்ணூலார் இன்று பிரபஞ்ச விரிவின் வயதை ஏறக்குறைய 1380 கோடி ஆண்டு என்று கணக்கிடுகின்றனர். அதனை நம் வாதத்திற்குத் தூணாக நாட்டுதல் வேண்டா. அவ்விரிவை 1927ஆம் ஆண்டில் எடுத்துரைத்த பெல்ஜிய நாட்டு அறிஞர் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவரே தம் விஞ்ஞானக் கொள்கையை வேத சத்தியத்திற்குச் சான்றாக்க விரும்பினாரல்லர். விண்ணூல் கணக்கு நாளை மாறினும், உலகம் ஏன் உளது என்னும் வினா மாறாது.

நிற்க. இவ்வழியிற் சிந்தித்தவர் கிறிஸ்தவர் மட்டுமல்லர். மெய்கண்டாரின் சிவஞானபோதமும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் காட்டி, அதற்கொரு வினைமுதல் உண்டென்று நிறுவியே தொடங்குகிறது. தமிழ் பயிலும் கிறிஸ்தவ மாணவன் இதனைக் கண்டு மகிழ்தல் வேண்டும், வேற்றுமையையும் மறைத்தலாகாது. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும் மூன்றையும் அநாதி என்னும். குடத்திற்குக் குயவனேயன்றி மண்ணும் வேண்டும் என்பது அந்நெறியினர் காட்டும் உவமை. நம் மறையோ, அநாதி ஒருவரே என்னும்; அவருக்கு முன்னே மண்ணும் இல்லை, சக்கரமும் இல்லை. பனியன் முதலாளிக்கு நூல் வேண்டும். கடவுள் நூலின்றியே ஆடை செய்தவர். ஒரே சொல்லை இருவரும் வழங்குகிறோம். பொருளின் பரப்பு வேறு. இதனை அறிந்து உரையாடுவதே அயலாருக்கு நாம் செய்யும் மரியாதை.

"படைக்கும் முன்னர்க் கடவுள் என் செய்துகொண்டிருந்தார்?" என்று வினவுவாரும் உளர். ஆப்பிரிக்க நாட்டு ஹிப்போ நகரத்து அத்தியட்சராகிய அகுஸ்தீன், ஏறக்குறைய 400ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இதனை எடுத்துக்கொண்டார். கேட்பவரை நகையாடி விடுக்கும் ஒரு விடையை அவர் அறிந்திருந்தும், அதனைத் தம் விடையாகக் கூற மறுத்தார். காலமும் படைக்கப்பட்டதே, ஆதலின் படைப்பிற்கு "முன்னர்" என்றொரு காலம் இல்லை என்று விளக்கினார். நித்தியம் என்பது நெடுங்காலம் அன்று. காலத்தைக் கடந்த நிறைவு. நம் ஆசிரியர்கள் அகுஸ்தீனின் பொறுமையைக் கைக்கொள்வாராக.

இவ்வினா கிறிஸ்துவையும் தொட்டது. குமாரனுக்கும் ஒரு தொடக்கம் இருந்ததென்று அலெக்சாந்திரியாவில் ஆரியஸ் என்பவர் போதித்தார். 325ஆம் ஆண்டில் நிசேயாவிற் கூடிய சங்கம் அதனை மறுத்தது. பிதாவினின்று குமாரன் பிறத்தல் காலத்தில் நிகழ்ந்ததன்று; சுடர் உள்ளபோதே ஒளியும் உளதாதல் போல்வது. பெத்லகேமிற் பிறந்தது அவர் எடுத்த மனுஷத்தன்மை. அச்சங்கம் கூடி 2025ஆம் ஆண்டோடு 1700 ஆண்டுகள் நிறைந்தன.

இனித் தமிழைப் பார்ப்போம். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய சிறு நூலின் பெயர் தம்பிரான் வணக்கம். 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் சருவேசுரன் என்னும் பெயரைப் பெரிதும் வழங்கினார். பப்பிரிசியுஸ் ஐயரின் வேதமொழிபெயர்ப்பு பராபரன் என்றது. 1871ஆம் ஆண்டின் திருத்தம் தேவன் என்றது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது. இப்பெயர்கள் அவர்தம் தலைமையையும் மேன்மையையும் காட்டுவன. தோற்றமின்மையை எப்பெயரும் தனித்து உணர்த்திற்றில்லை. ஆகவே அநாதி, நித்தியர், தாமாயிருக்கிறவர் என்னும் சொற்களை நம் முன்னோர் உடன் சேர்த்தனர். கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஞானோபதேச வினாவிடையிற் கடவுளின் இலக்கணங்களுள் ஒன்றாக, அவர் தம்மாலே தாமாயிருத்தல் வைக்கப்பட்டது. பாட்டியர் மனனம் செய்த விடையைப் பேரர் அறியாதிருத்தல் விந்தையே!

இதனால் வாழ்க்கைக்கு வரும் பயன் யாது எனின், கூறுவேன். கடவுள் தம் இருப்பிற்கு எவரிடத்தும் கடன்படாதவர். ஆதலின் நம்மைப் படைத்ததில் அவருக்கு ஒரு தேவையும் இல்லை. நம் இருப்பு முற்றும் கொடை. திருப்பூரில் மனிதன் ஷிப்டாலும் பீஸ் கணக்காலும் அளக்கப்படுகிறான். ஆர்டர் குறைந்தால் ஆளும் வேண்டாதவனாகிறான். தேவை கருதிப் படைக்கப்பட்டவனாயின், தேவை தீர்ந்தபின் அவன் விலையும் தீரும். தேவையே இல்லாதவர் அன்பினாற் படைத்தார் எனின், அவ்விலையை எந்தக் கணக்கும் குறைக்க இயலாது. தோற்றமில்லாதவரைப் பற்றிய கொள்கை, இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் மதிப்பைத் தொடுகிறது.

ஆகையால் ஆசிரியர்காள், அவ்வினாவைக் கேட்கும் சிறுவனை அடக்கற்க. அவன் கேட்பது குற்றமன்று; ஞானத்தின் வாயில். அருகே அமர்த்தி, அவன் அணிந்துள்ள பனியனையே காட்டித் தொடங்குக. தோழர்காள், நம்மிடம் கேட்கப்படும்பொழுது நாமும் விடை கூற ஆயத்தமாயிருப்போமாக.